"புரதத்துடன் ஒட்டுகிறது" என்றால் எப்படிக் கண்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் சென்ற வாரம் மஞ்சளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. மஞ்சளில் இருக்கும் குர்குமின், நீரிழிவோடு தொடர்புள்ள ஒரு புரதத்துடன் வலுவாக ஒட்டுவது கண்டுபிடிக்கப்பட்டிருப்பதாக அதில் இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தேடிப் பார்த்தால், கட்டுரை முடியப்போகிற இடத்தில் "கணினி வழி ஆய்வில்" என்று ஒரே ஒரு தடவை வருகிறது. கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் உயிர்வேதியியல் சொல்லிக் கொடுக்கிறவள் நான். அந்தச் சொல் செய்தியின் தலைப்பிலேயே இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல இடம் கொடுங்கள்.

எங்களுக்குக் கொடுமுடிப் பக்கம், காலிங்கராயன் வாய்க்கால் பாசனம். வீட்டில் மஞ்சள் விவசாயம். கட்டுரை வந்த அன்று என் மாமனார் பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார். "ஏனம்மிணி, நம்ம மஞ்சள்லயே சக்கரைக்கு மருந்து இருக்குதுன்னு போட்டிருக்கறாங்களே, அப்புறம் எதுக்குக் காசு குடுத்து இந்த மாத்திரைய வாங்கி முழுங்கோணும்?" என்றார். பல வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிட்டு வருகிறவர் அவர். மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. அதே பேப்பர் எங்கள் ஊர் டீக்கடையிலும் சலூனிலும் கிடந்தது. அங்கே படித்தவர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது?

கணினி ஆய்வில் என்ன நடக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் மாணவிகளின் கடைசி வருடப் புராஜெக்டுகளில் பெரும்பங்கு அதுதான். புரதங்களின் முப்பரிமாண வடிவங்கள் பொதுக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மூலிகைச் சேர்மங்களின் வடிவங்களும் கிடைக்கின்றன. ஆட்டோடாக் வைனா போன்ற மென்பொருளும் இலவசம்தான். இரண்டு வடிவங்களையும் கொடுத்துவிட்டால், சிறு மூலக்கூறை எந்தப் பள்ளத்தில் எப்படித் திருப்பி வைத்தால் நன்றாகப் பொருந்தும் என்று கணக்குப் போட்டு, மைனஸ் எட்டு, மைனஸ் ஒன்பது என்று கிலோகலோரியில் ஓர் எண்ணைத் தரும். எண் கீழே போகப் போகப் பொருத்தம் நன்று என்று அர்த்தம். இப்படிப் பொருத்திப் பார்ப்பதற்கு டாக்கிங் என்று பெயர். ஆனால் "இது ஒட்டாது" என்று அந்த மென்பொருள் சொல்லாது. எதைக் கொடுத்தாலும் இருப்பதில் நல்ல இடம் எதுவோ அதைக் காட்டும். இலட்சக்கணக்கான மூலக்கூறுகளில் எதை முதலில் வாங்கிச் சோதிக்கலாம் என்று வரிசைப்படுத்துவதற்கு அருமையான கருவி, அதில் சந்தேகமே இல்லை. அந்த வரிசை கையில் வந்த பிறகுதான் சோதனையே ஆரம்பிக்க வேண்டும். நம் செய்திகளும் நம் புராஜெக்டுகளும் அந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன.

ஒட்டுகிறதா இல்லையா என்று பார்ப்பது அவ்வளவு பெரிய வேலையா என்று கேட்கலாம். உடம்பில் தானாக உண்டாகி, மாறி, தீர்ந்துபோகிற சர்க்கரைகள், அமினோ அமிலங்கள், கொழுப்பமிலங்கள் போன்ற வளர்சிதைமாற்றப் பொருட்களைப் பொறுத்தவரை அது பெரிய வேலைதான். அவற்றில் பெரும்பாலானவை புரதத்தை லேசாகத்தான் பிடிக்கின்றன. அப்படி இருந்தால்தான் வேலை நடக்கும். ஐசோலூசின் அமினோ அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியாவுக்குள் அது தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டால், தன்னைத் தயாரிக்கும் வரிசையின் முதல் நொதியிலேயே போய் உட்கார்ந்து உற்பத்தியை நிறுத்துகிறது என்று 1956-இல் அமெரிக்க ஆய்வாளர் அம்பார்கர் காட்டினார். அளவு குறைந்தால் நொதியை விட்டு இறங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் உற்பத்தி மறுபடி தொடங்காது. டவுன் பஸ்ஸில் ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்கிறவர்களைப் போலத்தான் இவை. கடைசி நிறுத்தத்தில் போய் நின்று எண்ணினால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆய்வகத்தில் புரதத்தைக் கழுவிச் சுத்தப்படுத்துவது அப்படித்தான், கழுவும்போதே பிடித்திருந்தது போய்விடும்.

மாணவிகளுக்கு இதை நான் முட்டையில் இருந்து தொடங்குவேன். காவிரிக்கு அந்தப் பக்கம் நாமக்கல். முட்டைக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை. ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2, மிகவும் நீர்த்த கரைசலாகச் சோதனைக் குழாயில் இருக்கும். அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கின் கீழே பிடித்தால் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். நீர்த்து வடிகட்டிய வெள்ளைக்கருவை அதில் சொட்டுச் சொட்டாக விடச் சொல்வேன். விட விட ஒளி மங்கும். வெள்ளைக்கருவில் ரிபோஃப்ளேவினைப் பிடித்துக்கொள்வதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. அதன் பிடிக்குள் போன ரிபோஃப்ளேவின் ஒளிராது. "புரதம் பிடிச்சிருச்சுங்க மேம்" என்று எல்லோரும் சொல்லும்போது, யாராவது ஒரு பெண் கையைத் தூக்குவாள். "வெள்ளைக்கரு கலங்கலா இருக்கறதால வெளிச்சத்தை மறைக்குதோ என்னவோங்க மேம்?" அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருப்பேன். அப்புறம் இன்னொரு குழாயில் வெள்ளைக்கருவுக்குப் பதிலாக மாட்டு இரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதத்தின் கரைசலை விடுவோம். அப்படி மங்காது. ஆகவே ஏதாவது ஒரு புரதம் இருந்தால் போதும் என்பதில்லை. மங்கிய குழாயில் சில துளி அமிலம் விடுவோம். அமிலத்தில் அந்தப் புரதம் பிடியை விட்டுவிடும். கலங்கல் அப்படியேதான் இருக்கும், ஆனால் ஒளி திரும்ப வரும். கலங்கல்தான் காரணம் என்றால் ஒளி திரும்பியிருக்கக் கூடாது அல்லவா? இந்த இரண்டு சோதனைகளும் இல்லாவிட்டால் முதல் குழாயை வைத்து எதுவுமே சொல்ல முடியாது.

கோழி அந்தப் புரதத்தை வைத்துத்தான் வைட்டமினை முட்டைக்குள் கொண்டு சேர்க்கிறது. மரபுக் கோளாறால் அது இல்லாத கோழிகள் இடும் முட்டையில் கரு பாதி வளர்ச்சியிலேயே இறந்துவிடுகிறது. இந்தப் புரதங்களைப் பற்றிய ஆராய்ச்சி நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் நடந்திருக்கிறது. அங்கே பி. ஆர். அடிகாவும் முனியப்பாவும் 1979-இல், வெள்ளைக்கருவில் தயமினை, அதாவது வைட்டமின் பி1-ஐ, பிடிக்கும் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். தயமினின் ஒரு வடிவமான தயமின் பைரோபாஸ்பேட்டைச் சின்னஞ்சிறு மணிகளில் பொருத்திக் குழாயில் நிரப்பி, அதன் வழியே வெள்ளைக்கருவை விட்டார்கள். வேண்டிய புரதம் மட்டும் மணியில் தங்கிவிட்டது. 1968-இல் இருந்து உலகெங்கும் புழங்கி வரும் முறை இது. ஆனால் மணியில் பொருத்துவதற்கு மூலக்கூறில் ஒரு பிடி இருக்க வேண்டும், அந்தப் பிடி புரதம் தொடாத பக்கமாகவும் இருக்க வேண்டும். அமினோ அமிலங்களிலேயே சிறியதான கிளைசின் அளவுக்குச் சின்னதென்றால் எங்கே பிடித்துப் பொருத்துவது?

அதே வெள்ளைக்கருவில் அவிடின் என்று இன்னொரு புரதம் உண்டு. அது பயோட்டின் வைட்டமினைப் பிடிக்கிறது. இது லேசான பிடியே அல்ல, இயற்கையில் தெரிந்தவற்றில் மிகவும் வலுவான பிடிகளில் ஒன்று. பச்சை வெள்ளைக்கருவையே தீனியாகக் கொடுத்த எலிகளுக்குத் தோல் நோய் வந்ததில் இருந்து 1920-களில் தொடங்கிய கதை, 1940 வாக்கில் அவிடினில் வந்து முடிந்தது. என்னைக் கவர்ந்த விஷயம் வேறு. அவிடினைத் தனியாகச் சூடாக்கினால் ஏறத்தாழ 85 டிகிரி செல்சியஸில் அதன் மடிப்பு குலைகிறது. பயோட்டினைப் பிடித்துக்கொண்டிருக்கும் அவிடின் 130 டிகிரி வரைகூடத் தாங்குகிறது. கையில் ஒன்று இருந்தால் புரதம் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும்.

இந்த ஒன்றை வைத்தே ஒரு பெரிய முறை எழுந்தது. 2013-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பேர் நோர்ட்லண்டின் குழு அதைச் செல்லுக்குள்ளேயே செய்து காட்டியது. செல்களை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றில் மருந்தைச் சேர்த்து, இரண்டையும் படிப்படியாகச் சூடாக்குவார்கள். மடிப்பு குலைந்த புரதம் கட்டியாகி அடியில் தங்கிவிடும். மருந்து சேர்த்த பங்கில் எந்தப் புரதம் கூடுதல் சூட்டிலும் கரைசலில் மிதக்கிறதோ அதன்மேல் சந்தேகம் விழும். அடுத்த ஆண்டே, மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியின் உதவியோடு, ஒரு புரதம் என்றில்லாமல் செல்லில் இருக்கும் ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே சோதனையில் பார்க்க வழி கண்டார்கள். மூலக்கூறில் கைவைக்கவே வேண்டியதில்லை என்பது இதில் பெரிய வசதி.

சூட்டுக்குப் பதிலாக, புரதத்தை வெட்டும் நொதியையும் பயன்படுத்தலாம். மூலக்கூறு உட்கார்ந்த இடத்தில் நொதி வெட்டுவது மாறிவிடும். சூரிச்சில் பாவோலா பிக்கோட்டியின் குழு இந்த வழியில் ஈகோலை பாக்டீரியாவின் புரதங்களோடு 20 வளர்சிதைமாற்றப் பொருட்களைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் ஒரு வரைபடமே வெளியிட்டது. 1,600-க்கும் மேற்பட்ட பிணைப்புகள் அதில் இருந்தன, அதுவரை யாருக்கும் தெரியாதவையே அதிகம்.

லேசான பிடிகளுக்கு எனக்குப் பிடித்தது டயாலிசிஸ்தான். கழுவுவதே கிடையாது. சிறு மூலக்கூறு மட்டும் போய்வரக்கூடிய சவ்வுப் பைக்குள் புரதம் இருக்கும், வெளியே மூலக்கூறு. எல்லாம் சமநிலைக்கு வரும்வரை விட்டால், பிடிக்கும் புரதம் இருக்கிற பக்கத்தில் மூலக்கூறு சற்று அதிகமாகச் சேர்ந்திருக்கும். ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் 1966-இல், பாக்டீரியாவில் பால் சர்க்கரையைச் செரிப்பதற்கான ஜீனை வேலை செய்யவிடாமல் அடைத்து வைக்கும் புரதத்தை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். பால் சர்க்கரையைப் போன்ற ஒரு சேர்மத்தைக் கதிரியக்கம் ஏற்றி விட்டார்கள். பைக்குள் கதிரியக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அந்தக் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டே புரதத்தைப் படிப்படியாகச் செறிவாக்கிப் போனார்கள். ஒரு செல்லில் விரல்விட்டு எண்ணுமளவுக்கே இருக்கும் புரதம் அது. அதே தத்துவத்தை 2023-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகக் குழு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரோடு சேர்த்து, சர்க்கரை வளர்சிதைமாற்றத்தில் வேலை செய்யும் 33 மனித நொதிகளைச் சோதித்து 830 பிணைப்புகளைக் கண்டது. பால் சர்க்கரைக் காலத்துப் பை இன்றைக்கும் வேலை செய்கிறது என்பதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

மாமனாரின் மாத்திரைக்கு வருகிறேன். மெட்ஃபார்மின் நீரிழிவுக்கு 1957-இல் இருந்து தரப்படுகிறது. குறைந்த அளவு மெட்ஃபார்மின் செல்லுக்குள் போய் எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்று சீனாவின் சியாமென் பல்கலைக்கழகக் குழு காட்டியது 2022-இல்தான். பென்2 என்பது அந்தப் புரதத்தின் பெயர். மெட்ஃபார்மினில் ஒளி பட்டால் பக்கத்தில் இருப்பதைக் கவ்விக்கொள்ளும் ஒரு சிறு பகுதியைச் சேர்த்து, புற ஊதா ஒளியைக் காட்டி, கவ்விய புரதங்களைப் பயோட்டின் மாட்டி இழுத்தார்கள். பயோட்டினைப் பிடித்து இழுப்பது அவிடின் குடும்பத்துப் புரதம் பூசிய மணிகள். மாட்டியது எல்லாம் உண்மையான இலக்கு என்று உடனே அறிவித்துவிடவும் இல்லை. பட்டியலில் வந்தவற்றைச் சோதித்துக் கழித்து, பென்2 இல்லாத செல்களிலும் எலிகளிலும் மருந்தின் விளைவு மாறுகிறதா என்று பார்த்த பிறகுதான் எழுதினார்கள். அறுபது வருஷம் கோடிக்கணக்கான பேர் சாப்பிட்ட மாத்திரைக்கே இவ்வளவு வேலை தேவைப்பட்டிருக்கிறது.

குர்குமின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அது இரத்தத்தின் அமிலகார நிலையில், உடல் வெப்பத்தில், அந்த நிலையை மாறாமல் காக்கும் வெறும் பஃபர் கரைசலில் வைத்தால் அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடும். தானாகவே ஒளிரும், ஆகவே ஒளியை அளந்து முடிவு சொல்கிற சோதனைகளைக் குழப்பும். புரதங்களின் கந்தக முனைகளோடு வினைபுரியும். கரையாமல் திரண்டு, கிடைத்த புரதத்தை எல்லாம் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். துளி டிட்டர்ஜெண்ட் சேர்த்தால் அந்த ஒட்டல் போய்விடுகிறதா என்று பார்ப்பது எளிதான சோதனை, ஆனால் செய்கிறவர்கள் குறைவு. 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் குர்குமின் ஆய்வுகளை மொத்தமாக அலசினார்கள். 120-க்கும் அதிகமான மருத்துவப் பரிசோதனைகள் நடந்திருந்தும், நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் போலி மருந்தோடு ஒப்பிட்டுச் செய்த எந்தப் பரிசோதனையும் வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள்.

மஞ்சளை விற்றுப் பிழைக்கும் குடும்பத்தில் இருந்து இதை எழுதுகிறேன். விரலிக்கும் கிழங்குக்கும் விலை கேட்கிற வியாபாரி இப்போது குர்குமின் எத்தனை சதவீதம் என்றும் கேட்கிறார். ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெருமையாக இருந்தது. சமையலுக்கும் சாமிக்கும் சாயத்துக்கும் அது வேண்டும், அதற்கு இருக்கிற மதிப்பே போதுமான மதிப்பு. நிரூபிக்காத ஒன்றை அதன் தலையில் ஏற்றி வைத்தால் நாளைக்கு அது பொய்த்துப் போகும்போது பெயர் கெடுவது நம் மஞ்சளுக்குத்தான்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்ன மூலிகையின் இன்ன சேர்மம் இன்ன புரதத்துடன் ஒட்டுகிறது என்று செய்தி வந்தால், எழுதுகிறவர் ஆய்வாளரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதட்டும். கணினியில் மட்டும் பார்த்ததா, ஆய்வகத்தில் புரதத்தை வைத்துப் பார்த்ததா? எந்த முறையில்? ஒட்டாது என்று தெரிந்த ஒன்றையும் கூடவே வைத்துப் பார்த்தார்களா? பதிலைச் செய்தியின் இரண்டாவது வாக்கியத்திலேயே போட்டுவிடுங்கள். கணினியில் மட்டும் பார்த்ததென்றால் அப்படியே சொல்லுங்கள், அதில் ஆய்வாளருக்கு ஒரு குறையும் இல்லை.

இன்னொரு வேண்டுகோள் எங்கள் பகுதிக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும். இந்தக் கடிதத்தைத் தாங்கள் வெளியிட்டால் அவர்கள் கண்ணிலும் படும். விசைத்தறி ஓட்டுகிறவர்களும் கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவர்களும் தங்கள் பெண்களை எங்களிடம் அனுப்புகிறார்கள். அந்தப் பெண்கள் லேப்டாப்பில் ஓர் எண்ணைப் பார்த்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவதோடு அவர்களுடைய ஆராய்ச்சி அனுபவம் முடியக் கூடாது. எல்லா முறைக்கும் கோடி ரூபாய்க் கருவி வேண்டும் என்பதில்லை. கலிஃபோர்னியாவில் 2009-இல் வெளியான டார்ட்ஸ் என்ற முறைக்கு, தெரிந்த ஒரு புரதத்தைச் சோதிப்பதென்றால் புரோனேஸ் போன்ற வெட்டும் நொதியும் புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் ஓட்டும் பெட்டியும் புரதத்தில் ஏறும் கூமாசி நீலச் சாயமும் போதும். சேர்மம் சேர்த்த குழாயில் புரதப் பட்டை வெட்டுப்படாமல் தடிமனாக நிற்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். டாக்கிங் செய்கிற ஒவ்வொரு மாணவியும் தன் பட்டியலில் முதலில் வந்த ஒரு சேர்மத்தையும் கடைசியில் வந்த ஒரு சேர்மத்தையும் இப்படி ஜெல்லில் ஓட்டிப் பார்க்கட்டும். இரண்டும் ஒரே மாதிரி வந்தால் அதையும் புராஜெக்டில் எழுதட்டும், அதற்கும் முழு மதிப்பெண் கொடுப்போம்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மட்டும் சிறு கல்லூரிகளால் வாங்கக்கூடியதல்ல. ஒரு தடவை மாணவி ஒருத்தியின் மாதிரிகளைக் கட்டணம் கட்டி வெளியே ஒரு மையத்துக்கு அனுப்பினோம். முடிவு கைக்கு வரும்போது அவள் படிப்பை முடித்து, கல்யாணமாகித் தாராபுரம் போய்விட்டிருந்தாள். போனில் எண்களை வாசித்துக் காட்டினேன். "ஒட்டியிருக்குதுங்களா மேம்?" என்று கேட்டாள். மாதிரி கெட்டுப் போயிருந்ததால் அவளிடம் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்தக் கருவியை வைத்திருக்கும் நிறுவனங்கள் கோயம்புத்தூர், ஈரோடு, நாமக்கல், சேலம், கரூர் பகுதிக் கல்லூரிகளுக்கென்று மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கலாம். மாணவர் கட்டணத்தில் மாதிரிகளை வாங்கி, மாணவியையும் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டி, ஏப்ரல் தேர்வுக்கு முன்னால் முடிவைக் கொடுத்தால் போதும். அதற்கான விண்ணப்பத்தை எங்கள் துறையில் இருந்து எழுதி அனுப்ப நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
உயிர்வேதியியல் ஆசிரியை,
கொடுமுடி, ஈரோடு மாவட்டம்.